உங்களுக்குத் தெரியுமா? – செயலிகள் எழுதிக் கொடுக்கும் பட்டியல்

● ஆண்ட்ராய்டு போனில் நாம் ஏற்றும் ஒவ்வொரு செயலியும் கையில் ஒரு பட்டியலோடுதான் உள்ளே வருகிறது. கேமரா வேண்டும், மைக் வேண்டும், போனில் சேமித்திருக்கும் பெயர்களையும் எண்களையும் படிக்க வேண்டும் என்று அதை உருவாக்கியவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பட்டியல் அது. அந்தக் கோப்பின் பெயர் ‘ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்’. அதில் எழுதாத ஓர் அனுமதியைச் செயலி பிறகு கேட்டால், ‘அனுமதிக்கலாமா?’ என்ற கேள்வி நம் திரைக்கு வருவதே இல்லை. போனே மறுத்துவிடும்.

● மேனிஃபெஸ்ட் என்பது கப்பல்காரர்களின் சொல். துறைமுகத்துக்குள் வரும் கப்பல், தான் என்னென்ன சரக்கு ஏற்றி வந்திருக்கிறது என்று சுங்கத் துறைக்குக் கொடுக்கும் பட்டியலுக்கு அந்தப் பெயர். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இறக்குமதி வேலை பார்ப்பவர்களுக்கு ‘ஐ.ஜி.எம்.’ அன்றாடப் பேச்சு. அதன் கடைசி எழுத்து இந்த மேனிஃபெஸ்ட்தான்.

● ஓர் அனுமதிக்கு ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியில் ஓர் எழுத்து பிசகினால்? இன்றைய கருவிகள் எச்சரிக்கை காட்டும், தடுக்காது. செயலி உருவாகிவிடும், போனில் ஏறியும்விடும். கேமராவைத் திறக்கப் போகும் நேரத்தில்தான் கை விரிக்கும். செயலி எழுதப் பழகுகிறவர்கள் அனுமதி வேலை செய்யாமல் தவித்தால் முதலில் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான்.

● ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். ஒரே கணினியைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்குப் பொருந்த அமைந்தது அது: ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்க முடியாதபடி ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் எண் இருக்கும். ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து, ஆட்களின் இடத்தில் செயலிகளை வைத்தார்கள். உங்கள் போனில் இருக்கும் ஒவ்வொரு செயலியும் லினக்ஸ் கண்ணுக்குத் தனித்தனி ஆள். நாம் ஏற்றும் செயலிகளுக்கு 10000-இலிருந்து எண் தொடங்குகிறது. ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கூரை ஒன்று, அறையும் பூட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி. பொதுவான கிணற்றையோ மாடியையோ பயன்படுத்த வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் கேட்டாக வேண்டும். மேனிஃபெஸ்ட் என்பது குடிவரும்போதே கொடுக்கும் அந்தக் கோரிக்கை மனு.

● எல்லா அனுமதிகளும் ஒரே எடை அல்ல. ஆண்ட்ராய்டு அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் வகைக்குப் பெயர் ‘சாதாரணம்’. போனை அதிர வைப்பது போன்றவை இதில் வரும். மேனிஃபெஸ்டில் எழுதினால் போதும், நம்மைக் கேட்காமலே கிடைத்துவிடும். இரண்டாவது வகையை ‘ஆபத்தானவை’ என்றே ஆவணங்களில் எழுதியிருக்கிறார்கள். கேமரா, மைக், இருப்பிடம், குறுஞ்செய்தி, தொடர்பு எண்கள் எல்லாம் இதில் அடக்கம். எழுதினால் மட்டும் போதாது, நம் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். மூன்றாவது ‘கையொப்பம்’: அந்த அனுமதியை உருவாக்கியவருடைய அதே டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் செயலிக்கு மட்டும் கிடைப்பது.

இணையம் எந்த வகையில் வருகிறது தெரியுமா? ‘சாதாரணம்’. போனில் இருப்பதை வெளியே எடுத்துச்செல்லும் வாசல் அதுதான்; ஆனால் அதைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மேனிஃபெஸ்டில் ஒரு வரி எழுதினால், 3003 என்ற எண்ணுள்ள லினக்ஸ் குழுவில் செயலி சேர்ந்துவிடும். அதன்பின் உலகத்தோடு பேசலாம். கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டில் இதைப் பயனர் திரும்பப் பெறவும் வழி தரப்படவில்லை. அதையே அடிப்படையாக வைத்து உருவான ‘கிராஃபீன் ஓஎஸ்’ ஒவ்வொரு செயலிக்கும் இணையத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைத்திருக்கிறது. செய்ய முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. எல்லா போன்களிலும் அந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● 2008-இல் ஆண்ட்ராய்டு வந்ததிலிருந்து 2015-இல் ஆறாம் பதிப்பான மார்ஷ்மெல்லோ வரும்வரை, செயலியை ஏற்றும்போதே முழுப் பட்டியலையும் காட்டிவிடுவார்கள். அத்தனைக்கும் சம்மதித்தால் செயலி உண்டு, ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் செயலி கிடையாது. கேமரா சரி, தொடர்பு எண்கள் வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அந்தப் பட்டியலை யாராவது படித்தார்களா? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் பார்த்தார்கள். செயலியை ஏற்றும்போது அனுமதிகளைக் கவனித்தவர்கள் 17 சதவீதம்தான். இணையவழிக் கேள்வித்தாளில் அனுமதிகளின் பொருள் பற்றிய மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 3 சதவீதம். மக்கள் அலட்சியமானவர்கள் என்று இதைப் படிப்பது தவறு. ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்று நீட்டப்படும் காகிதத்தைப் படித்து என்ன பயன்? படித்தாலும் படிக்காவிட்டாலும் கையெழுத்து ஒன்றுதான்.

● ஃபெல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு முந்தைய ஆண்டு 940 செயலிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒன்று, தனக்குத் தேவையில்லாத அனுமதியையும் பட்டியலில் எழுதி வைத்திருந்தது. எல்லாம் கெட்ட எண்ணத்தால் வந்ததல்ல. தேவைக்கு மேல் கேட்காதிருக்கத்தான் பல உருவாக்குநர்கள் முயன்றிருக்கிறார்கள்; எந்த வேலைக்கு எந்த அனுமதி என்று ஆவணங்கள் தெளிவாகச் சொல்லாததால் தடுமாறியிருக்கிறார்கள்.

● ‘வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டும் கொடு’ என்ற கொள்கை போனைவிட மூத்தது. கணினி அறிஞர்கள் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது.

● 2013-இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.3-க்குள் ‘ஆப் ஆப்ஸ்’ என்ற திரை ஒன்று ஒளிந்திருந்தது. செயலிகளின் அனுமதிகளை ஒவ்வொன்றாக அணைக்க அதில் வழி இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் தேடிப் பிடித்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.4.2 அப்டேட்டில் அந்தத் திரையைக் காணவில்லை. அந்த உரிமை முறையாக எல்லோர் கைக்கும் வர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

● டார்ச் செயலிக்கு எதற்குக் கேமரா அனுமதி என்று ஒரு காலத்தில் பலரும் கோபப்பட்டார்கள். காரணம் நியாயமானதுதான்: போனின் விளக்கு கேமராவைச் சேர்ந்த உறுப்பு, கேமரா வழியாகத்தான் அதை ஏற்ற முடிந்தது. ஆண்ட்ராய்டு 6 முதல் விளக்கை மட்டும் தனியாக ஏற்றத் தனி வழி வந்துவிட்டது. அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

ஆனால் இருப்பிடத்தை எடுத்த டார்ச்சுக்கு நியாயமே கிடையாது. ‘பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்’ என்ற செயலி கோடிக்கணக்கான முறை தரவிறக்கப்பட்டது. அது பயனர்களின் துல்லியமான இருப்பிடத்தையும் போனின் அடையாளத்தையும் விளம்பர நிறுவனங்கள் உள்ளிட்ட வெளியாருக்கு அனுப்பியது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013 டிசம்பரில் குற்றம் சாட்டியது. அந்தச் செயலியின் நிறுவனம் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

● ஐபோனிலும் பட்டியல் உண்டு, ஆனால் அங்கே ஒரு கூடுதல் நிபந்தனை. கேமரா வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது, எதற்கு என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அனுமதி கேட்கும் பெட்டியில் அந்த வாக்கியம் அப்படியே நமக்குத் தெரியும். 2016-இல் வந்த ஐஓஎஸ் 10 முதல், அந்த வாக்கியத்தை எழுதாமல் கேமராவைத் தொட்டால் செயலி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அந்த வாக்கியத்தை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எழுதி வைக்கலாம். தமிழிலும் எழுதலாம். தமிழ்நாட்டுக்கென்றே வரும் செயலிகளில்கூட அந்த ஒரு வரி ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. சம்மதம் கேட்கும் வரி புரியவில்லை என்றால் சம்மதத்துக்கு என்ன பொருள்?

● தொடர்பு எண்களைப் படிக்க ஐபோன் நம்மிடம் கேட்கத் தொடங்கியது 2012-இல், ஐஓஎஸ் 6 முதல். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ‘பாத்’ என்ற சமூக வலைச் செயலி, பயனர்களின் முகவரிப் புத்தகம் முழுவதையும் சொல்லாமல் தன் சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருந்தது அம்பலமானது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் ஃபெடரல் டிரேட் கமிஷனோடு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது; பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததற்காக 8 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் இசைந்தது.

● ஓடிபி குறுஞ்செய்திகள் சிலவற்றின் கடைசியில் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணிப் பாருங்கள், 11 இருக்கும். அது பிழை அல்ல, ஒரு செயலியின் முத்திரை. செயலியின் பெயரையும் அதன் டிஜிட்டல் கையெழுத்தையும் கலந்து கணக்கிட்டு எடுத்த சுருக்கம். அந்த முத்திரையோடு வரும் செய்தியை மட்டும் பிரித்து, உரிய செயலியிடம் போன் கொடுத்துவிடும். அதனால் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்காமலே ஓடிபி தானாக நிரம்பும். நம் வங்கிச் செய்தியும் வீட்டுச் செய்தியும் அதன் கண்ணில் படாது. ஓடிபிக்காக மட்டும் எல்லாக் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்கும் செயலியிடம் தாராளமாக முடியாது என்று சொல்லலாம்.

குறுஞ்செய்தி, அழைப்புப் பதிவு இரண்டையும் தொடும் அனுமதிகளுக்கு 2019-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ப்ளே ஸ்டோரிலும் கட்டுப்பாடு இருக்கிறது. மேனிஃபெஸ்டில் எழுதிவிட்டால் ஆயிற்று என்று அங்கே விடமாட்டார்கள். ஏன் வேண்டும் என்று கூகுளிடம் தனியாக விளக்கி ஒப்புதல் பெற வேண்டும்.

● இதேபோல் கேட்காமலே முடிக்கக்கூடிய வேலைகள் பல. ஒரு கடையின் எண்ணைத் தொட்டால் டயல் திரை அந்த எண்ணோடு திறந்து, பச்சைப் பொத்தானை நாம் அழுத்தினால்தான் அழைப்பு போகிறதா? அதற்கு அனுமதி தேவையில்லை. செயலியே நேராக அழைத்துவிடுகிறதா? அதற்குத் தேவை. ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமானால், போனிலேயே இருக்கும் கேமரா செயலியிடம் வேலையை ஒப்படைத்துப் படத்தை வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் அனுமதி வேண்டாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தேவையில்லாமல் கேமரா அனுமதியை மேனிஃபெஸ்டில் எழுதி வைத்து, பயனர் அதை மறுத்துவிட்டால், அந்த ஒப்படைக்கும் வழியும் அடைபட்டுவிடும். எழுதாமலே இருந்திருந்தால் வேலை நடந்திருக்கும்.

● பல ஆண்டுகளாக, ப்ளூடூத் ஹெட்செட்டைத் தேடும் செயலி இருப்பிட அனுமதி கேட்டது. பக்கத்தில் எந்தெந்தக் கருவி இருக்கிறது என்பதை வைத்தே ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கலாம் என்பதால் ஆண்ட்ராய்டு அப்படி விதித்திருந்தது. 2021-இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது ப்ளூடூத்துக்குத் தனி அனுமதிகள் வந்தன. ‘இதை இருப்பிடம் அறிய ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன்’ என்று மேனிஃபெஸ்டிலேயே உறுதி எழுதித் தரவும் இடம் உண்டு.

● மேனிஃபெஸ்டில் கேமரா என்று எழுதினால், கேமரா இல்லாத கருவிகளுக்கு ப்ளே ஸ்டோர் அந்தச் செயலியைக் காட்டவே காட்டாது. ‘இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும்’ என்று தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும்.

● நாம் எழுதாத அனுமதியும் நம் பட்டியலில் ஏறிவிடலாம்.

இது எனக்கே நேர்ந்தது. உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்காக வாய்ப்பாடு படிக்கும் சின்னச் செயலி ஒன்றை எழுதினேன். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, நான் எழுதவும் இல்லை. செயலி எங்கே முறிகிறது என்று தெரிவிக்கும் ஆயத்த லைப்ரரி ஒன்றை மட்டும் சேர்த்திருந்தேன். ஏற்றிப் பார்த்தால் பட்டியலில் இணையமும் இருப்பிடமும் இருந்தன. ஒவ்வொரு லைப்ரரியும் தன் சொந்த மேனிஃபெஸ்டோடு வருகிறது; செயலியைக் கட்டும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஏழு வயதுக் குழந்தை ஏழாம் வாய்ப்பாடு படிக்கும் இடம் யாருக்குத் தெரிய வேண்டும்? கலந்து முடிந்த மேனிஃபெஸ்டை, செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் தனித் தாவலில் பார்க்கலாம், எந்த வரி எந்த லைப்ரரியிலிருந்து வந்தது என்றும் அங்கே தெரியும். வேண்டாததை ‘நீக்கு’ என்று நம் மேனிஃபெஸ்டில் குறித்தால் போய்விடும். செயலி எழுதுகிறவர்கள் வெளியிடும் முன்பு ஒரு தடவையாவது அந்தத் தாவலைத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

● அனுமதியே தேவைப்படாத உறுப்பும் காது கொடுக்கும். போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் ஜைராஸ்கோப்பைப் படிக்க அனுமதி வேண்டியதில்லை. பேச்சொலியின் அதிர்வு அதில் லேசாகப் பதிகிறது என்றும், அதிலிருந்து பேசிய எண்களை ஓரளவு ஊகிக்க முடிகிறது என்றும் 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், இந்த உணரிகளை நொடிக்கு 200 தடவைக்கு மேல் படிக்க வேண்டுமானால் மேனிஃபெஸ்டில் எழுதியாக வேண்டும்.

● நீங்கள் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். படங்களைப் பார்க்கும் அனுமதி இருந்தால் போதும், இருப்பிடம் கேட்காமலே ஊர் தெரிந்துவிடும் என்ற நிலை 2019 வரை இருந்தது. ஆண்ட்ராய்டு 10 அந்தத் தகவலை மறைத்துவிட்டு, அதற்கென்று தனி அனுமதி வைத்தது. 14-ஆம் பதிப்பிலிருந்து முழு ஆல்பத்தையும் திறந்துவிடாமல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டலாம்.

● தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதி நம் நாட்டில் எத்தனை குடும்பங்களை நடுங்க வைத்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காகச் செயலியை ஏற்றியவர்களிடம் தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். தவணை தவறியதும் கடன் வாங்கியவரின் அண்ணனுக்கும் மேலதிகாரிக்கும் பழைய வாத்தியாருக்கும் போன் போனது. அந்த எண்களுக்கு உரியவர்கள் யாரும் கடன் வாங்கவில்லை, எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. ஒருவர் தொட்ட ‘சரி’, நூறு பேர் எண்ணைக் கொடுத்துவிட்டது.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு, 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகளைக் கணக்கெடுத்தது. சுமார் 1,100 இருந்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல், கடன் செயலிகள் போனில் இருக்கும் கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்றது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை வாடிக்கையாளர் சேர்க்கைக்கும் கேஒய்சி சரிபார்ப்புக்கும், வெளிப்படையான சம்மதத்தோடு, ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம். 2023 மே 31 முதல் கூகுளும் தனிநபர் கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு எண்களையும் அணுகத் தடை விதித்தது. ஆகவே இன்று ப்ளே ஸ்டோருக்கு வெளியே, ஒரு குறுஞ்செய்தி இணைப்பில் வரும் கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், அது விதியை மீறிக்கொண்டுதான் கேட்கிறது. ‘சரி’ சொல்லாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

● 2023 ஆகஸ்ட் 11-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இதே தொடர்பு எண்கள் விவகாரம் ஒரு விளக்க உதாரணமாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு பெண் தொலை மருத்துவச் செயலியை ஏற்றுகிறார். அது சிகிச்சைக்கான தகவலுக்கும் தொடர்பு எண்களுக்கும் சம்மதம் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் சிகிச்சைக்கான தகவல் அளவில் மட்டுமே நிற்கும் என்கிறது சட்டம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த 22-இல் தமிழும் உண்டு.

● ஆண்ட்ராய்டு 11 முதல் ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று அனுமதி கொடுக்கலாம். இரண்டு முறை மறுத்தால் செயலி மறுபடி கேட்டுத் தொல்லை செய்ய முடியாது. சில மாதங்கள் தொடாமல் கிடக்கும் செயலியின் அனுமதிகளைப் போனே பறித்துக்கொள்ளும்.

● 2022 ஜூலையில் ப்ளே ஸ்டோர் பக்கங்களிலிருந்து அனுமதிப் பட்டியல் காணாமல் போனது. ‘டேட்டா சேஃப்டி’ என்ற பகுதி இருந்தது. ஆனால் அது உருவாக்குநர் தானே எழுதித் தரும் வாக்குமூலம். அனுமதிப் பட்டியல் அப்படியல்ல, செயலியின் மேனிஃபெஸ்டிலிருந்தே எடுப்பது. பயனர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதமே கூகுள் பட்டியலைத் திரும்ப வைப்பதாக அறிவித்தது. ஒரு செயலியின் பக்கத்தில் ‘இந்தச் செயலியைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்து அடிவரை போனால் இப்போதும் பார்க்கலாம்.

● எந்த அனுமதியும் கேட்காமலும் ஒரு செயலி வாழலாம். மேனிஃபெஸ்டில் அந்த வரிகளே இல்லாவிட்டாலும் அது திரையில் எழுதும், கணக்குப் போடும், தன் சொந்தக் கோப்புகளைத் தன் அறைக்குள் சேமித்துக்கொள்ளும். லைப்ரரியை எடுத்த பிறகு வாய்ப்பாட்டுச் செயலியை மறுபடி ஏற்றி, செட்டிங்ஸில் அதன் அனுமதிப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் காலியாக இருந்தது.